ஜாடியில் காத்திருந்த கட்டி

முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே பிழைத்த நோய்க்குறியியல் மருத்துவர் நான். "இந்தப் பழைய மெழுகுக் கட்டிகளை எதற்கு அடைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காத நிர்வாகியே கிடையாது. நோயாளிகளின் திசுவை மெழுகில் பதித்து நாங்கள் சேமித்து வைக்கும் கட்டிகள் அவை. பதிலுக்கு ஒரு ஜாடியின் கதையைச் சொல்வேன்.

1787இல் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர், 35 வயதுக்காரர் ஒருவரின் தாடையிலிருந்து, எடுத்தும் திரும்ப வளர்ந்த கட்டியொன்றை வெட்டினார். என்ன நோய் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஜாடியில் போட்டு வைத்தார். ஸ்டெதஸ்கோப்பைப் பின்னாளில் உருவாக்கிய லென்னெக், 1804இல்தான் பாரிஸில் கறுப்புக் கட்டிகளாக வரும் ஒரு நோய்க்கு 'மெலனோஸ்' என்று பெயர் வைத்தார். ஹன்டரின் ஜாடியை 1968இல் சோதித்துப் பார்த்தார்கள். இன்று மெலனோமா எனப்படும் அதே தோல்புற்று! விடை வர 181 வருஷம் ஆயிற்று.

நோயின் பெயரோடு நோயாளியின் கேள்வி முடிவதில்லை. "பரவிவிடுமா டாக்டர்?" என்பார். 1969இல் வாலஸ் கிளார்க், புற்று தோலின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்து ஐந்து நிலைகளாகப் பிரித்தார். ஆனால் ஒரே ஸ்லைடை நான் மூன்று என்பேன், பக்கத்து மேஜைக்காரர் நான்கு என்பார். மறு வருஷமே அலெக்சாண்டர் பிரெஸ்லோ, மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் பொருத்திய அளவுகோலால் கட்டியின் தடிமனை அளந்தார். 98 நோயாளிகளின் கட்டிகள். 0.76 மில்லிமீட்டருக்குக் குறைவான எதுவும் பரவியிருக்கவில்லை. இன்றும் ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடுவது அந்த மில்லிமீட்டரைத்தான்.

ஆனாலும் மெல்லிய கட்டி சில சமயம் ஆளைக் கொன்றுவிடும், தடித்தது விட்டுவிடும். அந்தப் புதிருக்குத்தான் மரபணுவிடம் போனார்கள். 2015இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ஒரு சோதனை 31 மரபணுக்களைப் பார்க்கிறது. அவற்றில் 28 நோயின் போக்கைச் சொல்ல, 3 ஒப்பிட. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஆர்.என்.ஏ.வை வைத்துக் கணக்கிட்டு, ஆபத்து குறைவா கூடுதலா என்று வகை பிரிக்கிறது. அந்த ஆர்.என்.ஏ. எங்கிருந்து வருகிறது? நான் ஸ்லைடு வெட்டிய அதே மெழுகுக் கட்டியிலிருந்து.

இத்தகைய சோதனையை வழக்கமாகப் பயன்படுத்திச் சிகிச்சையை முடிவு செய்யப் போதிய சான்று இல்லை என்று 2020இல் அமெரிக்க மெலனோமா நிபுணர்கள் குழு ஒன்று சொன்னது. என் கருத்தும் அதுவே. இன்னொன்றும் உண்டு: இச்சோதனைகள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கட்டிகளைக் கொண்டு உருவானவை. நம்மவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் பல நேரம் உள்ளங்காலில் வரும். அதன் போக்கைச் சொல்லும் மரபணுக்கள் எவை என்று நாளை யாராவது தேடினால், நம் கட்டிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால், பயாப்சி செய்துகொண்டவர்களே, மருத்துவமனை அந்த மெழுகுக் கட்டியை உங்கள் கையில் கொடுத்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள்.