குரங்கெலும்பு அம்பு

கற்கால வேடர் பெரிய மிருகங்களைத் துரத்தித் திரிந்த அறிவிலிகள் என்றே நீர்வேலியில் பல வருடம் படிப்பித்தேன். களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகை என்னைத் திருத்தியது. ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. கொப்புக்குக் கொப்பு தாவுவதைப் பிடிப்பது இலேசான காரியமா? கிடைத்த குரங்குகளிற் பெரும்பாலானவை நன்கு வளர்ந்தவை, குட்டிகள் குறைவு. தின்றபின் எலும்பையும் வீசிவிடவில்லை. தாவுவதற்கென்றே நீண்டு, நேராய், இறுகி வளர்ந்த கை கால் எலும்புகளைத் தீட்டி முனையாக்கினர். அவற்றிற் பல அம்புமுனைகள் என்பது 2020இல் வெளிவந்த ஆய்வின் கருத்து. குரங்கெலும்பாலேயே அடுத்த குரங்கு! வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பெடியன் எழும்பினான்: "அப்ப அவைக்குக் குரங்கின்ர உடம்பைப் பற்றி எங்களைவிடத் தெரிஞ்சிருக்கு, சேர்." ஓமென்றேன்.