ஜம்ப் ஸ்டார்ட்டரும் மாற்று மின்கலமும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

பேட்டரி ஓய்ந்து கிளம்ப மறுக்கும் மோட்டார் வண்டிக்கோ படகுக்கோ, பிறிதொரு வாகனத்தின் தயவை நாடாமல், இஞ்சினைச் சுழற்றப் போதுமான மின்சாரத்தைச் சில விநாடிகள் மட்டும் அளிக்கும் கையடக்கச் சாதனம் ஜம்ப் ஸ்டார்ட்டர் எனப்படும். மாற்று மின்கலம் என்பது வாகனத்திலேயே நிலையாக அமர்ந்து, முதன்மைப் பேட்டரிக்குத் துணை நிற்பது.

1859-ல் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாண்டே அமைத்த ஈய-அமில மின்கலமும், சார்லஸ் கெட்டரிங் வகுத்து 1912-ல் காடிலாக் கார்களில் இடம்பெற்ற மின்விசைத் தொடக்கியும், முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றும் அபாயகரமான உழைப்பிலிருந்து ஓட்டுநரை விடுவித்தன. அதற்கு ஈடாக, ஆறு அறைகள் கொண்ட 12 வோல்ட் பெட்டியொன்றின் ஆரோக்கியத்தை நம்பியே வண்டி கிளம்ப வேண்டியதாயிற்று. ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்றதும் இறங்கித் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு இஞ்சினை உயிர்ப்பிப்பதும், பேட்டரி பலவீனமான டிராக்டரைச் சரிவு பார்த்து நிறுத்தி வைப்பதும் இப்பிரதேசத்தார் நன்கறிந்த உபாயங்கள். தானியங்கி கியர் கொண்ட இக்காலக் கார்களில் அவை பலிப்பதில்லை.

குளிர்நாடுகளில் பேட்டரியின் பிரதான சத்துரு பனிக்காலம். விழுப்புரத்திலோ கத்திரி வெயிலே. உஷ்ணம் 10 டிகிரி உயருந்தோறும் ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொது விதி. கோடையில் தகடுகள் அடைந்த சேதம் உடனே தெரியாமல், முகப்பு விளக்கும் வைப்பரும் ஓயாது இயங்கும் ஐப்பசி அடைமழையில் வெளிப்படுவதால், மழையே காரணமென்று பலர் கருதுகின்றனர். பண்டிகை நாட்களில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியின் முன் அங்குலம் அங்குலமாக நகரும் வரிசையிலும், ஏ.சி.யும் விளக்கும் இயங்க, இஞ்சின் மந்தகதியில் ஓடுவதால் பேட்டரிக்குப் போதிய மின்னேற்றம் கிட்டுவதில்லை.

இவ்வளவு சிறிய பெட்டி எவ்வாறு ஒரு காரைக் கிளப்புகிறது என்ற ஐயம் நியாயமானதே. தொடக்க மோட்டார் 10 வோல்ட் அழுத்தத்தில் 200 ஆம்பியர் இழுத்து 3 விநாடி சுழல்வதாகக் கொண்டால், செலவாகும் சக்தி 6,000 ஜூல், அதாவது 2 வாட்-மணிக்கும் குறைவு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அட்டையில் அச்சிட்ட லித்தியம் கருவியோ, ஒவ்வொரு கலமும் 3.7 வோல்ட் என்ற கணக்கில், 74 வாட்-மணி சேமித்து வைத்திருக்கிறது. ஆகவே தேவைப்படுவது சக்தியின் மிகுதியன்று, அதனைக் கணத்தில் வெளியிடும் திறமே. அட்டையில் பெரிய எழுத்தில் காணும் ‘பீக் ஆம்பியர்’ நொடிப்பொழுது மட்டுமே எட்டும் உச்சம். அதைக் கண்டு மயங்காமல், தன் இஞ்சின் டீசலா பெட்ரோலா, அதன் கொள்ளளவு எவ்வளவு என்பதைச் சொல்லி வாங்குவதே விவேகம். 24 வோல்ட் லாரியிலும் பஸ்ஸிலும் 12 வோல்ட் கருவியைப் பிரயோகிக்கலாகாது.

இணைக்கும் முறையில் ஒழுங்கு உண்டு. கருவியை அணைத்து வைத்து, சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்புக் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து எட்ட, இஞ்சினின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியிலும் கவ்வச் செய்வது பொதுவான மரபு. ஏனெனில் அமிலத்திலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் வாயுவின் அருகில் சிறு பொறி தெறித்தாலும் பேட்டரி வெடிக்கக்கூடும். வண்டி கிளம்பியதும் கறுப்பை முதலில் கழற்ற வேண்டும். கருவியைக் காருக்குள்ளேயே போட்டு வைப்பது இவ்வூர் வெயிலுக்கு ஒவ்வாது. மூடிய கார் கொதிக்கும்போது லித்தியக் கலங்கள் தம் ஆயுளை விரைவில் இழக்கும்.

மரக்காணம் கரையோரக் குப்பங்களின் ஃபைபர் படகுகளில் நிலைமை வேறு. கயிறு இழுத்துக் கிளப்பும் இஞ்சினுக்குப் பேட்டரி வேண்டாமாயினும், ஜி.பி.எஸ்., வயர்லெஸ், இரவு விளக்கு ஆகியவற்றுக்கு அது இன்றியமையாதது; நடுக்கடலில் இவை அணைந்தால் கரையும் திசையும் தெரியாது. விநாடிக்கணக்கில் மட்டும் மின்சாரம் பாய்ச்சும் ஜம்ப் ஸ்டார்ட்டர் இங்கே போதாது. வீட்டு இன்வெர்ட்டரில் காணும் டியூபுலர் பேட்டரியைப் போல, தடித்த தகடுகளுடன் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மின்சாரம் தரும் வகையை மாற்று மின்கலமாகத் தனியே வைத்து, ஸ்விட்ச் ஒன்றினால் முதன்மைப் பேட்டரியிலிருந்து பிரித்தாள்வதே சிறந்தது. உப்புக்காற்றில் டெர்மினல்கள் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போகும். வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுவது எளிய, மெய்யான பாதுகாப்பு. செயலற்றதாகத் தோன்றும் பேட்டரிகளில் சில இந்த ஒரு சிகிச்சையிலேயே பிழைத்துக்கொள்வதுண்டு.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, வட்டாரமே வெள்ளக்காடாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் கொடுப்பது பெருந்தவறு. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காதாகையால், இஞ்சினைச் சுழற்றிய மாத்திரத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, ஆயில் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள், வண்டியைக் கட்டி இழுத்தே மெக்கானிக்கிடம் சேர்ப்பிக்க வேண்டும்.