வாத்தைக் கூப்பிட ஒரு ஊதல்

டி. கல்லுப்பட்டி கடைவீதியில் போய், "வாத்தைக் கூப்பிட ஒரு ஊதல் வேணும், எந்த மரத்தில் செஞ்சா உசத்தி?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். வீட்டு வாத்துக்குத் தவிட்டைக் காட்டினால் போதுமே! நான் சொல்வது காட்டு வாத்து. அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பின்னால் 150 வருஷ வியாபாரமே இருக்கிறது.

சமாசாரம் இதுதான். வானத்தில் போகிற வாத்துக்குக் கீழேயிருந்து அதன் பாஷையிலேயே குரல் கொடுக்க வேண்டும். 'நம்ம ஆள் இருக்கான், சாப்பாடும் இருக்கு' என்று நம்பி இறங்கும். இறங்கினால் துப்பாக்கி! இதற்கு ஒரு சின்னக் குழல். உள்ளே, நாதஸ்வரச் சீவாளிக்குத் தூரத்துச் சொந்தமாக ஒரு மெல்லிய தகடு. 1860-களில் இல்லினாய் மாநிலத்து ஃப்ரெட் ஆலன் என்பவர் இதைச் செய்து விற்றார். 1870-ல் எலம் ஃபிஷர் காப்புரிமையே வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் சுட்ட வாத்துகள் பீப்பாய் பீப்பாயாக ரயிலேறி சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. காசு புரளும் இடத்தில் காப்புரிமை வராமல் இருக்குமா?

முதலில் மரம். குரல் மிருதுவாக வரும். ஆனால் மழையிலும் மூச்சுக் காற்றின் ஈரத்திலும் ஊறி உப்பிக்கொள்ளும், சுருதி போச்சு. 1904-ல் பெக்கின் என்ற ஊரில் ஃபிலிப் ஓல்ட் தொழில் ஆரம்பித்தார். அவர் பிடித்தது கெட்டி ரப்பரை. அதாவது எபோனைட், பழைய மைப் பேனாக்களின் உடம்பு. நனைந்தாலும் கவலையில்லை. தவிர, ஒன்றைப் போலவே ஆயிரம் செய்து தள்ளலாம். படித்தது காமர்ஸ் என்பதாலோ என்னவோ, எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பெரிதாகத் தெரிகிறது! அப்புறம் பிளாஸ்டிக், அக்ரிலிக் என்று வந்தன. அக்ரிலிக் குரல் கூர்மை. திறந்த ஏரியில் காற்றை எதிர்த்துப் போகும். மரக் குரல் பக்கத்தில் வந்துவிட்ட வாத்துக்கு. இத்தனைக்கும் குரலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் தகடும் அது உட்காரும் இடத்தின் வெட்டும்தான்.

1935-ல் உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றதை வரவழைக்கும் தந்திரத்தை அமெரிக்க அரசு தடை செய்தது. (பழைய தந்திரம்தான். நம் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு முற்றத்தில் இப்படி ஒரு 'பார்வை' மான் கட்டிக் கிடக்கிறது.) ஊதலுக்கு மவுசு கூடியது. அடுத்த வருஷமே ஆர்கன்சா மாநிலம் ஸ்டட்கார்ட்டில் வாத்துக் குரல் போட்டி. ஜெயித்தவர் தாமஸ் வால்ஷ். பரிசு, 6 டாலர் 60 சென்ட் பெறுமானமுள்ள ஒரு வேட்டைக் கோட்டு. அவருடைய ஊதல் மரமா, ரப்பரா? ரெண்டும் இல்லை. வெறும் தொண்டை!

தொண்டை என்றதும் நம்மூர் நரிக்குறவர்கள் ஞாபகம் வராமல் இருக்காது. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல்களில் அவர்களுடைய நரி வேட்டை வருகிறது. வலையை வைத்துக்கொண்டு ஒருவர் நரி மாதிரியே ஊளையிடுவார். நிஜ நரி ஓடி வரும். பறவைக்கும் அதே வித்தைதான். அமெரிக்க ஊதல் போடுவது மல்லார்ட் வாத்தின் 'க்வாக்'. மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் அந்தப் பாஷை புரிகிற ஆள் புள்ளிமூக்கு வாத்துதான். சீழ்க்கைச் சிறகி, பேரிலேயே இருக்கிறது, விசிலடிக்கும். ஆளுக்கு ஆள் பாஷை மாற்றத் தொண்டைக்குத்தான் முடியும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கிச் சுடலாம் என்று மிச்சமிருந்த வழியையும் 1991 திருத்தம் அடைத்தது. பறவைகளுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது இருளர்களுக்கு 1978-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே கை, அதே பாம்பு. தோலுக்குப் பதில் மருந்துக்கு விஷம். ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நரிக்குறவர் தொண்டைக்கு அப்படி ஒரு வேலையை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசிமணி என்றாகிவிட்டது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் கமிட்டி சிபாரிசு செய்தது 1965-ல். நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில்.