எனிமா: சோப்பு நீரிலிருந்து பாஸ்பேட் வரை

ஆசனவாய் வழியாகத் திரவம் செலுத்திக் குடலைக் கழுவும் எனிமா முறை மிகப் பழையது. கிமு 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரசிலேயே அது இடம்பெற்றுள்ளது. ஆயுர்வேதத்தில் இது வஸ்தி. ஆடு, எருமை போன்ற விலங்குகளின் சிறுநீர்ப்பையில் கஷாயத்தையோ எண்ணெயையோ நிரப்பி, குழாய் பொருத்திச் செலுத்தினார்கள். ஐரோப்பாவில் உலோகப் பீச்சாங்குழல் பரவியது. நோயாளி தானே பயன்படுத்தும்படி வளையும் குழாய் பொருத்திய கருவியை 1668இல் டச்சு மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் விவரித்தார்.

இவற்றின் நோக்கமெல்லாம் சிகிச்சைதான். குடலின் உட்சுவரைக் கண்ணால் பார்க்கும் தேவை பின்னர்தான் வந்தது. 1895இல் பால்டிமோர் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி, நீண்ட உலோகக் குழாய்களைச் செலுத்தி, நெற்றிக் கண்ணாடியால் ஒளியை உள்ளே பாய்ச்சி, மலக்குடலையும் அதற்கு மேலுள்ள சிக்மாய்டு பகுதியையும் ஆராய்ந்தார். சிறிதளவு மலம் ஒட்டியிருந்தாலும் புண்ணோ கட்டியோ அதனடியில் மறைந்துவிடும் என்பதால், பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்வது முக்கியமாயிற்று.

மருத்துவமனைகளில் நெடுங்காலம் கொடுக்கப்பட்டது சோப்பு நீர் எனிமா. நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுப்பார். அவர் இடுப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை அடி மேலே எனாமல் டப்பாவைப் பிடித்து, ரப்பர் குழாய் வழியே லிட்டர் அளவு நீரைச் செவிலியர் மெல்ல இறக்குவார். நீரின் அளவால் குடல் விரியும். சோப்பு உட்சுவரை உறுத்தும். இரண்டும் சேர்ந்து மலத்தைத் தள்ளும். ஆனால் அந்த உறுத்தலே சிலருக்குக் குடல் அழற்சியை உண்டாக்கியது. வெறும் நீரைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அது உடலுக்குள் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் சோடியம் குறையும். உப்புக் கரைசலில் இந்த ஆபத்து குறைவு.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பியில் பாஸ்பேட் எனிமா வந்தது. அதன் அளவு ஏறத்தாழ 120 மில்லிலிட்டர்தான். அடர்த்தியான உப்பு குடலுக்குள் நீரை இழுப்பதால் சில நிமிடங்களிலேயே மலம் வெளியேறும். மலக்குடலையும் சிக்மாய்டு பகுதியையும் பார்க்க 1960களில் உருவான வளையும் கருவியான சிக்மாய்டோஸ்கோப்புக்கு இந்த முறை நன்கு பொருந்தியது.

1990களில் பிரிட்டனில் நடந்த பெரிய பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வில், 55 முதல் 64 வயதுள்ளவர்கள் வீட்டிலேயே பாஸ்பேட் எனிமா எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். வாய்வழிப் பேதி மருந்தோடு ஒப்பிட்டபோதும் குடலை நன்கு சுத்தம் செய்தது எனிமாதான். 2010இல் வெளியான முடிவுகளின்படி, ஒரே ஒரு சிக்மாய்டோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டோரிடையே பெருங்குடல் புற்றுநோய் 23 சதவீதமும் அதனால் நேர்ந்த மரணம் 31 சதவீதமும் குறைந்திருந்தன. அத்தனை பேரையும் வீட்டிலிருந்தே தயாராகி வரச் செய்ததில் அந்தச் சிறு குப்பிக்குப் பெரும் பங்குண்டு.

பாஸ்பேட்டுக்கும் எல்லை உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கும் முதியோருக்கும் உடலின் உப்புச் சமநிலை குலையலாம். 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு எனிமா மட்டும் போதாது. அதற்கு 1980இல் அறிமுகமான பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் போன்றவற்றைக் குடிக்க வேண்டும். கீழ்க்குடலை மட்டும் பார்க்கும் பரிசோதனைக்கு எனிமா இன்றும் வழக்கில் உள்ளது.