ரிஷிவேலியின் நீண்ட கணக்கு

பள்ளிகள் நெடுநோக்குத் திட்டம் வகுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஐந்தாண்டு, பத்தாண்டு என எல்லை குறித்து, புதிய கட்டடம், சேர்க்கை எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு என்று இலக்குகளை அடுக்குகிறார்கள். அவற்றுள் எத்தனை நிறைவேறின என்று ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கிறார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழந்தை அச்சமில்லாமல் கற்க வேண்டும், யாரோடும் தன்னை ஒப்பிட்டுப் பார்க்காமல் வளர வேண்டும் என்பதையே முதல் இலக்காக வைத்த பள்ளி, தன் முன்னேற்றத்தை எந்தப் பத்தியில் எழுதும்? ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலிப் பள்ளி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடுதான் நடந்து வருகிறது.

பள்ளியை நிறுவிய சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்த ஊர் மதனப்பள்ளி. 1909இல் அவருடைய தந்தை பிரம்மஞான சபையின் அலுவலுக்காகக் குடும்பத்தோடு அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சபையினர் அவரை வருங்கால உலக ஆசானாக வளர்த்தார்கள். 1920களின் நடுவில், கல்விக்கென ஓர் இடம் தேடியபோது, தாம் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே குன்றுகள் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கை அவர் கண்டார். பெரிய ஆலமரம் ஒன்றும் முனிவர்கள் தவமிருந்ததாக வழங்கும் ரிஷிகொண்டா மலையும் தவிர, அன்று அங்கே பெரிதாக எதுவும் இல்லை. மழை குறைந்த வறண்ட பூமி. ஜி. வி. சுப்பாராவின் தலைமையில் 1930களின் தொடக்கத்தில் பள்ளி அங்கே நிலைகொண்டது.

இதில் ஒரு முரண் உண்டு. 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமன் நகரில், தம்மைத் தலைவராக வைத்து எழுப்பப்பட்ட விண்மீன் சங்கத்தைக் கலைத்தவர் கிருஷ்ணமூர்த்தி. எந்த அமைப்பும் யாரையும் உண்மைக்கு அழைத்துச் செல்லாது என்பது அவர் நிலை. அப்படிப்பட்டவர் பள்ளிகளை மட்டும் கைவிடவில்லை. வாரணாசியின் ராஜ்காட், இங்கிலாந்தின் பிராக்வுட் பார்க், சென்னை, பெங்களூரு என்று பள்ளிகள் பெருகின. 1986இல் மறைவதற்குச் சில வாரங்கள் முன்புவரை ரிஷிவேலிக்கு வந்து ஆசிரியர்களோடு விவாதித்துக்கொண்டிருந்தார். 1978 செப்டம்பர் முதல் தம் பள்ளிகளுக்கெல்லாம் அவர் எழுதிவந்த கடிதங்களை, இப்போதைய வழக்கில் சொன்னால், நெடுநோக்கு ஆவணம் என்றே கொள்ளலாம். ஆனால் அவற்றில் ஓர் எண்கூட இலக்காக இல்லை. ஒப்பீடு எப்படி வன்முறையாகிறது, ஓய்வான மனம் எப்படிக் கற்கிறது என்பவைதான் அங்கே பேச்சு.

பள்ளி இதை நடைமுறையாக்கிய விதம் எளிமையானது. சிறு வகுப்புகளில் தேர்வு இல்லை; தரவரிசை இல்லை; பரிசளிப்பு விழா இல்லை. மாலையில் மாணவர்கள் மலைச்சரிவில் அமர்ந்து, பேச்சில்லாமல், சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். அதற்கு அஸ்தாசல் என்று பெயர். அதே மாணவர்கள்தான் பத்தாம் வகுப்பில் ஐ.சி.எஸ்.இ. தேர்வும் எழுதியாக வேண்டும். இந்த உடன்பாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. கல்லூரிக் கதவு சான்றிதழுக்குத்தான் திறக்கிறது. ஆனால் போட்டியற்ற கல்வி என்ற இலக்கு எட்டாம் வகுப்பு வரை ஒரு வலுவோடும் அதற்குப் பின் வேறொரு வலுவோடும் இயங்குகிறது என்பதை மறைக்க வேண்டியதும் இல்லை. அச்சம் குறைந்ததா என்று அளக்க யாரிடமும் கருவி கிடையாது. பழைய மாணவர்களின் பாராட்டுரைகளை அதற்குச் சான்றாக நான் ஏற்க மாட்டேன். எல்லாப் பள்ளியின் பழைய மாணவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

அளக்கக்கூடியது ஒன்று உண்டு: நிலம். 1950இல் எஃப். கார்டன் பியர்ஸ் முதல்வராக வந்தபோது பள்ளி தளர்ந்த நிலையில் இருந்தது. அவர் அதை மீட்டெடுத்தார். பிற்காலத்தில் ஊட்டியில் புளூ மவுண்டன் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. மரம் நடுவது அப்போதிருந்து பள்ளியின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று. பின்னர் வளாகத்தைத் தாண்டி, ஆடுமாடு மேய்ந்து மொட்டையாகிக் கிடந்த மலைச்சரிவுகளிலும் வேலை பரவியது. தடுப்பணை கட்டினார்கள், வரப்பு போட்டார்கள், மேய்ச்சலைத் தடுத்தார்கள், விதை தூவினார்கள், பிறகு காத்திருந்தார்கள். 1991இல் பள்ளத்தாக்கு பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 200க்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பாறைக் குன்றுகளின் புதர்களில் மட்டும் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானும் அவற்றுள் ஒன்று. நட்ட கன்று நிழல் தரப் பல ஆண்டு ஆகும். முதல்வர்கள் மாறினாலும் வேலை மாறாமல் நடந்திருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நெடுநோக்கு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அந்தப் பள்ளியிலேயே வேறில்லை என்பேன்.

மூன்றாவது கணக்கு சுற்றுக் கிராமங்களைப் பற்றியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கும் உறைவிடப் பள்ளி அது. மதிலுக்கு வெளியே நிலக்கடலை விதைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்வியிலிருந்து எந்தத் தனியார் பள்ளியும் தப்ப முடியாது. 1980களில் பத்மநாப ராவும் ரமாவும் பொறுப்பேற்ற ரிஷிவேலியின் ஊரகக் கல்வி மையம் இதற்கு ஒரு விடை தேடியது. சிற்றூர்களில் ஓரறைப் பள்ளிகளைத் திறந்தார்கள். ஓர் ஆசிரியர், ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகள், ஒரே கூரை. இந்தியக் கிராமப் பள்ளிகள் பலவற்றின் நிலையும் அதுதான். அங்கே ஐந்து வகுப்புக்கும் பாடம் நடத்துவதாகப் பாவனை செய்யாமல், பாடப்புத்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு பாடமும் மைல்கற்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, தவறியவருக்கு மீள்பயிற்சி, முடித்தவருக்குக் கூடுதல் வேலை என்று படிகள் அமைந்தன. படிகளையெல்லாம் ஏணிப்படமாக வரைந்து சுவரில் மாட்டினார்கள். எழுத்து தெரியாத குழந்தையும் அட்டையிலுள்ள சின்னத்தைப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். அறுவடைக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்துத் திரும்பும் பிள்ளை, விட்ட படியிலிருந்து ஏறும். வகுப்பு அதை விட்டுவிட்டுப் போயிருக்காது. வயது கலந்த வகுப்பு அந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. முன்பு ரிஷிவேலியில் ஆசிரியராக இருந்த டேவிட் ஹார்ஸ்பர்க் 1972இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் தொடங்கிய நீல்பாகிலும் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள். ஏணியும் அட்டையும் செய்தது வேறு: தனித்திறமை வாய்ந்த ஓர் ஆசிரியரின் கலையைச் சாதாரண ஆசிரியரும் கையாளும்படி ஆக்கின.

அதனாலேயே அது பயணம் செய்தது. 1995இல் மைசூர் மாவட்டத்தின் எச்.டி.கோட்டையில் ‘நலி கலி’ என்ற பெயரில் வேர்விட்டது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கியது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முனைப்பில், ரிஷிவேலிக்குச் சென்று பார்த்துவந்த மாநகராட்சி ஆசிரியர்களே தமிழ் அட்டைகளை உருவாக்கினார்கள். 2007–08இல் அதுவே ‘செயல்வழிக் கற்றல்’ ஆகித் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போயிற்று. பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், அவர்கள் நடுவே தரையில் ஆசிரியர், கைக்கெட்டும் உயரத்தில் தாழ்நிலைக் கரும்பலகை, தலைக்கு மேல் ஓவியங்கள் தொங்கும் கம்பிப் பந்தல் என அந்த வகுப்பறையைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு தனியார் பள்ளியின் பக்கத்துக் கிராமத்துக்காகச் செய்த ஏற்பாடு, ஓரிரு தலைமுறை ஏழைப் பிள்ளைகளின் முதல் வகுப்பாயிற்று. எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் இப்படியொரு இலக்கை எழுத யாருக்கும் துணிவு வந்திருக்காது.

போன இடத்தில் எல்லாம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. பள்ளத்தாக்கில் சில பள்ளிகள், அவற்றை அடிக்கடி பார்த்துவரும் மையம், அட்டை தேய்ந்தால் மாற்றும் கை. மாநிலத்திலோ பல்லாயிரம் பள்ளிகள், ஆணை, படிவம், அதிகாரி வருகை. கிராமத்துக் கதைகளும் பாட்டுகளும் பாவைக்கூத்தும் தாய்மார்களின் வருகையும் பள்ளத்தாக்கில் பாடத்தின் பகுதி. மாநிலப் பள்ளிகளில் அட்டைதான் பாடம் என்றாயிற்று. அட்டை தொலைந்தபோது ஏணியின் ஒரு படியே தொலைந்தது. ஆசிரியர் வெறும் அட்டை எடுத்துத் தருபவராகிவிட்டார் என்று குறைபட்ட ஆசிரியர்களின் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் பிரம்பு கீழே இறங்கியதும், பிள்ளை எழுந்து நடமாட அனுமதி பெற்றதும் அந்த ஆண்டுகளில்தான். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அதே முறையை ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வந்து ஆராய்ந்து, தங்கள் ஊர்ப் பள்ளிகளில் பரிசோதித்தார்கள். அங்கே ஓரறைப் பள்ளியின் நெருக்கடி இல்லை. வெவ்வேறு வேகத்தில் கற்கும் பிள்ளைகள் மட்டும் எங்கும் போல அங்கும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022 முதல் தொடக்க வகுப்புகளில் நடப்பது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணியும் இப்போது வழக்கில் இல்லை. ஆனால் அத்திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகக் கொண்டே தொடங்குகிறது. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே படியில் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டு பாடம் அமைக்கிறது. இதில் ரிஷிவேலியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பள்ளியும் அப்படி உரிமை கோரி நான் படித்ததில்லை.