கத்திக்கு முந்திய மருத்துவம்

இப்னு சீனா (ஹி. 370 - 428) தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் முதற்பகுதியில் சிகிச்சையை மூவகையாக வகுக்கிறார். உணவும் வாழ்முறையும் சார்ந்த தத்பீர் முதலாவது, மருந்து இரண்டாவது, கைவினையாகிய அறுவை மூன்றாவது. கல்லீரல் அறுவையின் வரலாற்றைக் காணும்போது இவ்வரிசையின் அருமை நமக்கு நன்கு விளங்குகிறது.

இதயம், மூளை ஆகியவற்றுடன் கல்லீரலையும் தலைமை உறுப்பாக எண்ணியவர் இப்னு சீனா. உணவு குருதியாக மாறுவது ஈரலில்தான் என்ற ஜாலீனூஸின் கொள்கை பின்னாளில் பிழையென விலக்கப்பட்டது. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பாகத்தில் ஈரற்கட்டியைச் சுடுகோலால் திறக்கும் முறையை எழுதினார். ஆயினும் ஈரலின் ஒரு பகுதியைத் திட்டமிட்டு வெட்டியெடுக்கும் துணிவு பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே வந்தது.

1888இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் லாங்கன்பூக் அதனைச் செய்து முடித்தார். குருதி பெருகியதால் நோயாளியின் வயிற்றை மீண்டும் திறக்க நேரிட்டது; நோயாளி பிழைத்தார். 1908இல் கிளாஸ்கோவின் பிரிங்கிள், ஈரலுக்குள் புகும் குருதி நாளங்களைச் சிறிது நேரம் நெரித்துப் பிடிக்கும் உத்தியை வெளியிட்டார். 1957இல் பிரெஞ்சு அறிஞர் கூயினோ ஈரலை எட்டுக் கூறுகளாக வரையறுத்தார். எஞ்சிய ஈரல் மீண்டும் வளரும் இயல்புடையது. ஆகவே நலமான ஈரலில் ஏறத்தாழ கால் பங்கு எஞ்சினாலும் போதும் என்ற நிலை உருவாயிற்று.

கேள்வி அந்த ‘நலமான’ என்னும் சொல்லில்தான் இருக்கிறது. மது அருந்தாதோர்க்கும் ஈரலில் கொழுப்பும் அழற்சியும் உண்டாவதை 1980இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுத்விக்கும் தோழர்களும் பெயரிட்டு விளக்கினர். உடற்பருமன், நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய வளர்சிதை மாற்றக் கோளாறுகளோடு இணைத்து 2023இல் அந்நோய்க்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. கொழுப்பேறிய செல்கள் பருத்து நுண்ணிய குருதி வழிகளை நெருக்குகின்றன. நாளங்களை நெரித்து விடுவிக்கும்போது அத்தகைய ஈரல் மிகுதியாகச் சேதமடைகிறது. அதன் மறுவளர்ச்சியும் தளர்கிறது. ஆகவே அறுவையில் கூடுதலான பகுதியை எஞ்சவிட வேண்டியதாகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த கட்டுரையொன்று, ஈரலில் 30 விழுக்காடும் அதற்கு மேலும் கொழுப்புடையோர்க்கு அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் ஏறத்தாழ இருமடங்கு எனக் கணித்தது.

இங்கேதான் தத்பீர் திரும்பி வருகிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், எடை மிகுந்த 60 நோயாளிகளுள் ஒரு சாரார் அறுவைக்கு முன் ஒரு வாரம் நாளொன்றுக்கு 800 கலோரி உணவு மட்டுமே உண்டனர். அவர்கள் இழந்த குருதி சராசரி 452 மில்லி. வழக்கம்போல் உண்டோர் இழந்தது 863 மில்லி. ஆயினும் அறுவைக்குப் பிந்திய சிக்கல்கள் அதனால் குறைந்ததாக அச்சிறு ஆய்வு காட்டவில்லை. இவ்வுணவுமுறையை மருத்துவர் மேற்பார்வையின்றி எவரும் கைக்கொள்ளலாகாது.

தந்தைக்குத் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தர முன்வரும் மகனிடம், “முதலில் எடையைக் குறைத்து வாருங்கள்” என்று மருத்துவர் கூறும்போது குடும்பம் அதைத் தட்டிக்கழித்தலாக எண்ணிக் கலங்குவதுண்டு. அது தட்டிக்கழித்தலன்று, தருபவர், பெறுபவர் ஆகிய இருவரையும் காக்கும் சிகிச்சையின் முதற்படி. ஜாலீனூஸிடமிருந்து பெற்ற கொள்கை வீழ்ந்தபோதும், உணவை முதலிலும் கத்தியை இறுதியிலும் வைத்த இப்னு சீனாவின் வரிசை இன்றும் நமக்கு வழிகாட்டுகிறது.