விதி மாறினால் வியூகம் மாறும்

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தாண்டிக் கிழக்கே வந்தால் நெமிலி. அதற்கு அருகில் தக்கோலம். கி.பி. 949-இல் இங்கே ஒரு பெரும் போர் நடந்தது. ஒருபுறம் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன்; மறுபுறம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். யானைமீதிருந்து போரிட்ட இராசாதித்தன், யானைமீதே உயிர்துறந்தான். சோழர் படை தோற்றது.

அன்றைய போர்க்களத்தில் யானை அஞ்சத்தக்க படை. ஆனால் அதே காலத்தில் சதுரங்கப் பலகையில் யானையின் நிலை என்ன தெரியுமா? மொத்தமுள்ள 64 கட்டங்களில், தான் நிற்கும் கட்டத்தையும் சேர்த்து, 8 கட்டங்களை மட்டுமே அது மிதிக்க முடியும்! இப்படி ஒரு விதி இருந்தால், அந்த ஆட்டத்தின் போர்முறை எப்படி இருந்திருக்கும்? விதி மாறியபோது அது எப்படி மாறியது? இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

பழைய பலகை

இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு நாடுகளை அடைந்தது. அரபு நாட்டு ஆட்டத்தில் மூலையில் நின்றது தேர். அதன் அருகே குதிரை, குதிரைக்கு அருகே யானை, நடுவில் அரசனும் மந்திரியும். தமிழ்நாட்டில் இன்று நாம் மூலைக் காயை யானை என்கிறோம். பழைய யானை நின்ற இடத்தில் மந்திரியை வைக்கிறோம். பழைய மந்திரியின் இடத்தில் ராணி நிற்கிறது. இந்த இடமாற்றத்தை நினைவில் கொண்டால் மேலே சொல்வது எளிதில் விளங்கும்.

பழைய யானை மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பழைய மந்திரி மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும். காலாளும் ஒரு கட்டம்தான். ஆகவே, இரு படைகளும் நெருங்கவே பல நகர்வுகள் ஆகும். அதுவரை எதிரியைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் தம் காய்களை அணிவகுத்து நிறுத்தலாம். 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் புகழ்பெற்றிருந்த அஸ்-சூலி போன்ற வல்லுநர்கள் இத்தகைய அணிவகுப்புகளை ஆராய்ந்து எழுதினர். விரைவு அல்ல, பொறுமையே அந்த ஆட்டத்தின் உத்தி.

புதிய பதிப்பு

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 1475-ஐ ஒட்டி, ஸ்பெயின் நாட்டில் இரண்டு விதிகள் மாறின. மந்திரி ராணியாகி, எட்டுத் திசையிலும் எவ்வளவு தொலைவும் செல்லும் உரிமை பெற்றது. யானையின் இடத்தில் நின்ற காய், மூலைவாட்டில் தடையின்றி ஓடலாயிற்று. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். பலகையின் நடுவில் நிற்கும் பழைய மந்திரி 4 கட்டங்களைத் தாக்கும். புதிய ராணியோ 27 கட்டங்களைத் தாக்கும். பழைய யானை 4. அதன் இடத்துக்கு வந்த புதிய காய் 13.

மாறியவை இரண்டே விதிகள். ஆனால் ஆட்டமே வேறாகிவிட்டது. எதிரி தவறினால் நான்கே நகர்வுகளில் அரசனை மடக்கலாம் என்ற நிலை வந்தது. நிதானமாக அணிவகுக்க நேரமில்லை. முதல் நகர்விலிருந்தே ஆபத்து உண்டு. எனவே தொடக்க நகர்வுகளை ஆராய்வது தனிக்கலையாயிற்று. 1497-இல் சாலமங்காவில் அச்சான லூசெனாவின் நூலில் பழைய விதி ஆட்டமும் புதிய விதி ஆட்டமும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. இரண்டு பதிப்புகளும் ஒரே காலத்தில் வாழ்ந்தன என்பதற்கு அந்நூலே சான்று.

ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

இந்தியாவில் என்ன நடந்தது? 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இங்கே உள்ளூர் விதிகள் வழங்கின. அவற்றுள் முக்கியமானது: காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய விதியிலோ முதல் நகர்வில் இரண்டு கட்டம் செல்லலாம்.

பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இளமையில் இந்திய விதிகளையே கற்றவர். 1929-இல் இங்கிலாந்து சென்ற அவர், அதே ஆண்டில் பிரிட்டிஷ் வாகையர் பட்டம் வென்றார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். முன்னாள் உலக வாகையர் கபாபிளாங்காவையும் தோற்கடித்தார். ஆயினும் தொடக்க நகர்வுகளில் அவர் அடிக்கடி இடர்ப்பட்டார். நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும்தான் அவருடைய ஆற்றல் வெளிப்பட்டது. காய்கள் குறைந்த பின், விதிகளின் வேறுபாடும் குறைந்துவிடுகிறதல்லவா?

அப்படியானால் பழைய விதியில் கற்றதெல்லாம் வீணா? இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேசசந்திர பானர்ஜி என்பவர், ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரருடன் ஐரோப்பிய விதிப்படி பல ஆட்டங்கள் ஆடினார். எதிரி நடுக் கட்டங்களைப் பிடித்துக்கொள்ள, இவர் குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரே கட்டம் நகர்த்தி, அதன் பின்னால் மந்திரியை ஒளித்துவைத்துத் தொலைவிலிருந்து தாக்கினார். ஒரு கட்ட விதியில் பழகிய கைக்கு இது இயல்பான முறை என்று ஆட்ட வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். இவ்வகைத் தொடக்கங்களே இன்று உலகெங்கும் ‘இந்தியத் தற்காப்பு’ என வழங்குகின்றன. விதி மறைந்தது, அது வளர்த்த உத்தி வாழ்கிறது!

தமிழ்நாட்டில் அனைத்துலக விதிகளையும் நூல் பயிற்சியையும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் மானுவேல் ஆரோன். 1961-இல் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய வாகையர். 1972-இல் சென்னையில் அவர் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில் பயின்ற சிறுவர்களுள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த்.

பகடையும் பூதமும்

சதுரங்கத்தின் இன்னொரு கிளை வேறு திசையில் வளர்ந்தது. 1780-இல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரிவாக்கிப் போர்ப் பயிற்சி ஆட்டம் ஒன்றை அமைத்தார். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி, கட்டங்களுக்குப் பதில் நிலப்படத்தையும், வெற்றி தோல்விக்குப் பகடையையும் கொண்டுவந்தார். இம்மரபில் வந்ததே 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் நடித்து, பகடை உருட்டிப் பூதங்களோடு போரிடுவார்கள்.

இதிலும் பதிப்புக்குப் பதிப்பு போர்முறை மாறியது. முதற் பதிப்பில், பூதத்தைக் கொல்வதைவிடப் புதையலைக் கொண்டுவருவதற்கே அதிக மதிப்பெண். ஆகவே சண்டையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு கட்டம் போட்ட பலகையை முன்னிறுத்தியது. எதிரியின் கைக்கெட்டும் கட்டத்தை விட்டு நகர்ந்தால் பெரும்பாலும் ஓர் அடி வாங்க வேண்டும். ஆகவே வீரர்கள் வழியை மறித்து நிற்பது உத்தியாயிற்று. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எதிரியின் எல்லைக்குள்ளேயே சுற்றி வரலாம். எல்லையை விட்டு வெளியேறினால்தான் அடி. ஓட்டமும் சாட்டமும் மீண்டும் வந்தன. இங்கேயும் ஒரு வரி விதியே வியூகத்தைத் திருப்பியது.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. உங்கள் வீட்டுச் சதுரங்கப் பலகையில் நண்பருடன் இன்றைய விதிப்படி ஐந்து ஆட்டங்கள் ஆடுங்கள். முதல் காய் எத்தனையாவது நகர்வில் வெட்டப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ராணிக்கு மூலைவாட்டில் ஒரு கட்டம், மந்திரிக்கு மூலைவாட்டில் இரண்டு கட்டத் தாண்டல், காலாளுக்கு எப்போதும் ஒரு கட்டம், கோட்டை கட்டுதல் கிடையாது என்று வைத்து மேலும் ஐந்து ஆட்டங்கள் ஆடுங்கள். இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் பழைய பலகையின் வேகம் எண்களிலேயே தெரியும்.

தக்கோலத்துப் போரில் இறந்தவர்கள் மீளவில்லை. பலகைப் போரில் மட்டும் காய்களை மீண்டும் அடுக்கி, விதியை மாற்றி, விளைவைச் சோதிக்கலாம். ஆட்டம் ஆராய்ச்சியாவது அங்கேதான்.